சதுப்புக்கு அந்தப் பக்கத்து மான்

"சோப்பைக் குப்பையில போடு. கேமராவையும் போடு. ஊதுகுழலை மட்டும் தொடாத," என்றான் ஹால்வர்.

சமையலறை மேசை முழுக்க இந்த வருஷத்து மான் வேட்டைச் சாமான்கள் பரப்பிக் கிடந்தன. நாளையோடு சீசன் முடிகிறது. ஃப்ரீஸரில் இன்னும் ஒரு துண்டு மான்கறி விழவில்லை. எது உதவியது, எது காலை வாரியது என்று ஹால்வர் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, அவன் மனைவி லவோன் இரண்டு அட்டைப் பெட்டிகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மனித வாடையைப் போக்கும் சோப்பைக் குறை சொல்ல முடியாது. அதைப் போட்டுக் குளித்துவிட்டு வந்தவனை வளர்த்த நாயே அடையாளம் தெரியாமல் கதவோரம் நின்று குரைத்தது. மான்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துபோனது. ஆண் மானை இழுக்கும் பெண்மான் மூத்திரம் என்று குப்பியில் விற்றதை வாங்கி வந்தான். அது வண்டி சீட்டிலேயே கொட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இவர்களைச் சுற்றி ஒரு ஈ, காக்கை உட்காரவில்லை. போதகரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். பேட்டரியில் சூடாகும் கோட்டுக்கு இடது கையில் மட்டும்தான் உயிர் இருந்தது. மனிதன் பனியில் விறைத்துக்கொண்டிருக்க, இடது கை தனியாக வெந்துகொண்டிருந்தது. மரத்தில் கட்டிய கேமராவில் ரக்கூன் குடும்பம் ஒன்றும், மரத்தடியில் ஒதுங்கிய ஹால்வரும் நல்ல தெளிவாக விழுந்திருந்தார்கள்.

ஊதுகுழல் கதை வேறு. ஊதினால் ஆண் மான் உறுமுவது போலவே சத்தம் வரும். காலையில் மரப்பரணில் உட்கார்ந்து ஹால்வர் ஊதுவான். மரம் அடர்ந்த சதுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கலைமான் பதிலுக்கு உறுமும். இவன் இரண்டு தடவை ஊதினால் அதுவும் இரண்டு தடவை. ஒருநாள் தவறியதில்லை. சதுப்பைத் தாண்டி மட்டும் வரவில்லை.

லவோனுக்கு அந்த மானைத் தெரியும்.

புதன்கிழமை ஓரகத்தி டார்லிஸ் போன் செய்தாள். அவள் புருஷன் ஓரினும் அதே கடையில் அதே குழலை வாங்கியிருக்கிறானாம். சதுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கலைமான் தினமும் அவனுக்குப் பதில் சொல்கிறதாம். இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது. அப்புறம் சிரித்த சிரிப்பில், விருந்துக்கென்று அடுப்பில் வைத்திருந்த பூசணிப் பலகாரம் கருகியது.

ஓரின், ஹால்வரின் கூடப் பிறந்த அண்ணன். பத்து வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மான் மேல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் குண்டும் பாய்ந்து, எந்தக் குண்டில் விழுந்தது என்று தகராறு. கடைசியில் ரம்பத்தை எடுத்து, தலைக்கொரு கொம்பாக அறுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒற்றைக் கொம்பு தொங்குகிறது. வருகிறவர்கள் அதில் தொப்பியை மாட்டுகிறார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்று ஓரகத்திகள் பேசி முடிவு செய்திருந்தார்கள். உறுமலோ என்னவோ, தினமும் காலையில் அண்ணனும் தம்பியும் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். விஷயம் தெரிந்தால் இரண்டு பேருமே குழலை விட்டெறிந்துவிடுவார்கள். அதுவும் போய்விடும்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும்," என்றான் ஹால்வர். "அவன் வருவான் வருவான்னு உக்காந்திருந்தது போதும். சதுப்புல இறங்கி நானே அந்தப் பக்கம் போய்டறேன்."

லவோனின் கையிலிருந்து கோட்டு நழுவியது. அரையிருட்டு. இந்தப் பக்கம் துப்பாக்கியோடு ஒருத்தன், அந்தப் பக்கம் துப்பாக்கியோடு ஒருத்தன். இருவருக்கும் எதிரில் இருப்பது மான்.

சதுப்பில் பனிக்கட்டி இன்னும் இறுகவில்லை என்றாள். வெளிச்சம் வந்த பிறகு பார்த்து நடப்பதாகச் சொன்னான். முழங்கால் வலியை நினைவுபடுத்தினாள். அது உட்கார்ந்தாலும்தான் வலிக்கிறது என்றான். மத்தியானம் ஃபுட்பால் மேட்ச் இருக்கிறதே என்று, அவன் இதுவரை தட்டாத ஒரே காரணத்தையும் சொல்லிப் பார்த்தாள். மேட்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

கடையில் மாட்டுக்கறி வாங்கி ஃப்ரீஸரை ரொப்பிவிடலாம், மான்கறி என்றே ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசியாகக் கெஞ்சினாள்.

"கறிக்காகவா போறேன்?" என்றான் அவன், பூட்ஸுக்கு மெழுகு தடவிக்கொண்டே.

லவோன் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். நாளைக் காலை இரண்டு வீட்டில் ஒரு வீடு அழுவதைவிட, இவன் இன்றைக்கே குழலை உடைத்துப் போட்டாலும் பரவாயில்லை.

"ஹால்வர், ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாம கேளு. அது மான் இல்ல. ஓரின்."

அவன் பூட்ஸைக் கீழே வைத்தான். மெழுகுத் துணியை மடித்தான்.

"தெரியும்," என்றான். "முதல்ல கொஞ்ச நாள் மான்னுதான் நெனச்சேன். வியாழக்கிழமையிலருந்து அது இருமுது, எங்க அப்பா இருமின மாதிரியே. துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போறேன். நீ பிளாஸ்க்ல கொஞ்சம் சூப் மட்டும் சூடா ஊத்திக் கொடு."