லைட்டை நம்பாதே

"எஞ்சின் சூடானா போதும், இந்த ஆயில் லைட் எரிய ஆரம்பிச்சுடுது, மாமா."

மருமகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி சொன்னாள். மாமனார் பானட்டுக்குள் குனிந்திருந்தார். அந்தப் பழைய காரின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். தன் கைவேலையில் குறை என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"பயமா இருக்கு, மாமா. பிள்ளையை வெச்சுக்கிட்டு தினமும் அந்த மேட்டுல ஏறணும்."

அந்த மேட்டில்தான் போன வருஷம் அவள் கணவன் ஓட்டிய வண்டியின் எஞ்சின் ஆயில் ஏறாமல் இறுகி நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. நொறுங்கிய வண்டியைப் பார்க்கப் போன பெரியவர், டேஷ்போர்டில் ஆயில் லைட்டின் பல்பு இல்லாததைக் கண்டார். அன்றோடு மகனுக்காக அழுவதை நிறுத்திவிட்டார்.

"லைட்டை நம்பாதே, கேஜை மாட்டி ஆயில் பிரஷரைப் பாருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பார்க்காமலே பல்பைப் பிடுங்கிட்டான், சோம்பேறி" என்றார் இன்றும்.

"பார்த்தாரு, மாமா. நீங்க வெளியே போயிருந்தீங்க. இதே இடத்துல, உங்க கேஜைத்தான் மாட்டினாரு. நான் கூடவே நின்னேன்."

"அவனுக்கு வக்காலத்து வாங்காதே. மாட்டியிருந்தா பிரஷர் இல்லேன்னு தெரிஞ்சிருக்குமே? சும்மா உன்கிட்ட பாசாங்கு பண்ணியிருக்கான்."

ஒரு வருஷமாக இதே பேச்சுதான். பிள்ளையின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. 'அப்பா சோம்பேறியாம்மா?' என்று அவன் கேட்ட நாளில் அவள் சாப்பிடவே இல்லை. இல்லை என்று சொல்ல அவளிடம் ஒரு அத்தாட்சியும் கிடையாது.

பெரியவர் ஆணியில் தொங்கிய அதே பிரஷர் கேஜை எடுத்தார். லைட்டும் வேலை செய்யும்படி, எஞ்சினில் அதை எரியவைக்கும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே அதை இணைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு."

பூஜ்யத்தில் இருந்த முள் விறுவிறுவென நாற்பதுக்கு ஏறியது. இருவரும் காத்திருந்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் டேஷ்போர்டில் லைட் மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது.

"எரியுது, மாமா."

"இங்கே வந்து பாரு. நாற்பது. இம்மிகூட அசையல. நம்ம வேலை அப்படி. சுவிட்ச்தான் கோளாறு, நாளைக்கு மாத்திடறேன்."

அவரே டேஷ்போர்டின் அடியில் கையை விட்டு, பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே பயம் இல்லாம போ."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கேஜைக் கழற்ற அவர் ஸ்பானரை எடுத்தபோது, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வண்டி நின்னதுக்கு அப்புறமும் முள் நாற்பதுலேயேதான் நிக்குமா, மாமா?"

அவர் குனிந்து, கேஜின் கண்ணாடியை விரல் நகத்தால் லேசாகத் தட்டினார். சிக்கிக்கொண்டிருந்த முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது.

பெரியவரின் கை சட்டைப் பைக்குள் போனது. பல்பு இன்னும் சுட்டது.

"மாட்டித்தான்மா பார்த்திருக்கான்" என்றார்.