தொலைந்து போகும் ஒத்திகை

“ஊர் சுத்தப் போறோம், எதுக்குப் பதற்றம்? பூங்கா, ஐஸ்கிரீம், அவ்வளவுதான்!” கைக்குழந்தையை மார்பில் போட்டபடி கணவன் நாளைய பயணத்துக்குத் திட்டம் போடுகிறான். நகரத்துக் கூட்டத்தை நினைத்து அவள் மூத்த மகளை முன்னால் நிறுத்திக்கொள்கிறாள். “அம்மாவக் காணோம்னா அங்கயே நில்லு. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது, என்ன?” நாலு வயது மூத்தது பெரிய மனுஷியாகத் தலையாட்டுகிறது. ஒத்திகைக்காக அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிகிறாள். கூடத்தில் விழும் வெயிலுக்கு நடுவே, ஒற்றைச் செருப்போடு, குழந்தை ஆடாமல் அசையாமல் நிற்கிறது. திறந்த வாசலில் தண்ணீர் கேன் கொண்டுவந்த புது ஆள் எட்டிப் பார்க்கிறான். “அம்மா எங்க பாப்பா?” “காணோம்.” “அச்சச்சோ, வா, தேடலாம்.” அவன் கையை முழுசாக நீட்டுவதற்குள் அந்தச் சின்ன விரல்கள் அவன் உள்ளங்கைக்குள் போய்விடுகின்றன. திரைக்குப் பின்னாலிருந்து அவள் பாய்ந்து வருகிறாள்.