துணைக்கு வந்தவள்

“மருமகளுக்குத்தான். நான் சும்மா துணைக்கு வந்தேன்” என்று, யாரும் கேட்காத கேள்விக்கு மலர்க்கொடி பதில் சொன்னாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்த ஜெயக்கொடி அக்கா, எதிர்க்கதவின் மேலிருந்த ‘குடும்ப நலம்’ பலகையை நிதானமாகப் படித்தாள். பிறகு மருமகள் ஷாலுவின் வயிற்றைப் பார்த்தாள்.

அக்கா சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவள். திருவொற்றியூரில் இவர்கள் தெருமுனையில்தான் அவளுடைய மளிகைக் கடை. காதில் விழும் சேதியைத் துவரம் பருப்போடு சேர்த்துத் தெரு முழுக்கப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவாள். நல்ல மனசு. வாய்தான் கடையை விடப் பெரியது.

“கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள தள்ளிப் போடுதியளோ?” என்றாள் தெற்கத்திப் பேச்சில். “சாமி கொடுக்கும்போது வாங்கிக்கிடணும், தாயி.”

ஷாலு சிரித்தாள். “வாங்கிக்கலாங்க்கா.”

தண்ணீர் லாரி வந்தால் நாலு தெருவை அடக்கும் மலர்க்கொடியின் நாக்கு, அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஏனென்றால் வந்த காரியம் அவளுடையது.

மகனுக்குக் கல்யாணம் முடித்து, மாமியார் என்று பெயர் வாங்கிய பிறகு, போன மாதம் அவளுக்கே நாள் தள்ளிப்போயிற்று. நாற்பத்திரண்டு வயதில். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வடிவுடையம்மனைக் கூப்பிட்டு அழுதவளைக் கண்டுபிடித்தது ஷாலுதான்.

நல்லவேளை, அம்மன் கைவிடவில்லை; பத்து நாள் கழித்து வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாதமுமா அவளைத் தொந்தரவு செய்வது?

புருஷன் லட்சுமணனிடம் பேசிப் பயனில்லை. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கம்பிக் கட்டுகளைத் தோளில் ஏற்றுகிறவன், ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

“உங்களுக்கு வெக்கமா இருந்தா, எனக்குன்னு சொல்லி நான் கேக்குறேன் அத்தே. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கோங்க.” இது ஷாலுவின் யோசனை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் அனிஷா இளம்வயதுக்காரர். ஷாலுவை ஸ்டூலில் உட்காரவைத்து, தனக்கென்று அவள் கேட்டதைக் கேட்டுக்கொண்டார். மலர்க்கொடி சுவரோரம் கிடந்த நாற்காலியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இருபத்துமூணு வயசுதானே? மாத்திரையே போதும்மா.”

ஷாலு திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணாலேயே ‘ஐயோ’ என்றாள்.

“இல்ல டாக்டர், எனக்குப் பிரஷர் இருக்கு” என்றாள் ஷாலு, மாமியாருடைய பிரஷரைத் தன்னுடையதாக்கி.

டாக்டர் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். “உனக்கா? கச்சிதமா இருக்கே!”

“அது... வந்து வந்து போகும் டாக்டர்.”

வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். “நீங்களும் கையக் கொடுங்கம்மா. வந்ததுக்குப் பாத்துடலாம்.”

பட்டை இறுகி, மெல்லத் தளர்ந்தது. டாக்டர் அளவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். திரும்பிப் போகும்போது தன் நாற்காலியை மலர்க்கொடி பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஷாலுவைப் பார்த்தபடியே, சுவர் வரைக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“இப்போ ஒருத்தங்களுக்கு நாப்பது தாண்டிடுச்சு, பிரஷரும் இருக்குன்னு வை. அவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. காப்பர்-டி போட்டுக்கலாம், பத்து வருஷம் கவலையில்ல. முதல்ல கொஞ்ச மாசம் உதிரப்போக்கு கூடுதலா இருக்கலாம். பிடிக்கலன்னா எடுத்துடலாம். வீட்டுக்காரர் வந்தா அவருக்குச் சின்ன ஆபரேஷன், இன்னும் சுலபம்.”

“அந்தாளு வந்துட்டாலும்!” என்று மலர்க்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“எதுவானாலும் முடிவு அவங்களோடதுதான்” என்றார் டாக்டர், இன்னமும் ஷாலுவையே பார்த்து.

கம்பெனி கேன்டீனில் சமைக்கிற மலர்க்கொடி யோசித்தாள். கேட்டே விட்டாள்.

“அந்த காப்பர்-டி போட்டுகினா, கேன்டீன்ல சோத்து குண்டான தூக்கலாமா டாக்டரம்மா?”

செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஷாலு, குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தூக்கலாம். முதல் ரெண்டு நாள் மட்டும் வேற யாராவது தூக்கட்டும்” என்றார் டாக்டர், சிரிக்காமல். “அதுக்கு முன்னாடி ஒரு யூரின் டெஸ்ட் பாத்துடணும். ரெண்டு பேர்ல யாரு போறீங்க?”

பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேஜையின் நடுவில் வைத்தார். யார் பக்கமும் நகர்த்தவில்லை.

மலர்க்கொடி எழுந்து அதை எடுத்துக்கொண்டாள். பத்து வயது குறைந்தது போலிருந்தது.

கதவருகே போனவள், பின்னால் ஷாலு குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டு நின்றாள்.

“எனக்கு வீட்லயே பாத்துட்டேன் டாக்டர். போன வாரம். ரெண்டு கோடு வந்துச்சு.”

“அடடே! வீட்ல சொல்லலையா?”

“அவருக்குத் தெரியும். அத்தை வேலை முடியட்டும்னு இருக்கோம். இப்பவே சொன்னா, இந்த நேரத்துல எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு கூச்சப்பட்டு வரவே மாட்டாங்க.”

மலர்க்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவைப் பிடித்த கை மட்டும் நெஞ்சுக்குப் போனது. அம்மனைக் கும்பிடுகிற மாதிரி ஒரு கணம் நின்றாள்.

பிறகு கதவைத் திறந்தாள்.

பெஞ்சில் ஜெயக்கொடி அக்கா காத்திருந்தாள். “என்னம்மா, உங்க மருமவ என்ன முடிவு பண்ணியிருக்கா?”

மலர்க்கொடி டப்பாவை மறைக்கவில்லை. அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி, தண்ணீர் லாரிக் குரலில் சொன்னாள்:

“நல்லா கேட்டுக்கோக்கா. தடுப்பு எனக்குத்தான். அவ சும்மா எனக்குத் துணைக்கு வந்துகீறா.”