தானாகவே மக்கிவிட்டது

குடோனின் ஷட்டரைத் தூக்கியதும் வாசனைதான் முதலில் வந்தது.

மழை நனைத்த மண்ணும் புளித்த வெல்லமும் கலந்த வாசனை.

அவளுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். தன் ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் பைகளைப் புதைத்து, தினமும் அதைத்தான் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு அம்மிணி, நீ குடுத்த பை" என்றார் மளிகைக் கடைக்காரர் செங்கோடன். "நான் ஒண்ணும் பண்ணலை. வெச்சது வெச்ச எடத்துலயே கெடந்துச்சு. தானா இப்படி ஆயிப்போச்சு."

வெல்லச் சிப்பங்களுக்கு அடியில், ஒழுகி வந்த மழைத்தண்ணீரில், அவளுடைய பைக்கட்டுகள் கிடந்தன.

இனிமேல் அவற்றைப் பை என்று சொல்ல முடியாது. கறுத்த கூழ். மேலே வெள்ளையாகப் பூஞ்சை.

விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.

மரவள்ளி மாவில் செய்த பை அது. ராசிபுரத்தைச் சுற்றி எந்தத் தோட்டம் காட்டில் தோண்டினாலும் கிடைக்கிற கிழங்கு. நொடித்துப்போன ஜவ்வரிசி ஆலையின் ஷெட்டை மாமனாரிடம் கெஞ்சி வாங்கி, ஐந்து பெண்களை வேலைக்கு வைத்து, பயோடெக்னாலஜி படித்த படிப்பையெல்லாம் அந்த மாவோடு சேர்த்துப் பிசைந்து செய்த பை.

பள்ளிக்கூடத்தில் 'மக்கு' என்று திட்டினால் நாள் முழுக்க அழுதவள். கடைசியில் மக்குவதையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். தலையெழுத்து.

மக்கும் பைதான் என்ற அரசாங்கச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பைகூட விற்க முடியாது. சான்றிதழ் தர வேண்டிய அதிகாரி, அவள் கொண்டுபோன ஆய்வக அறிக்கையை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"லேப்ல எதும்மா மக்காது? வெளியில, ஒரு கடையில, தானா மக்குச்சுன்னு யாராவது எழுதித் தரட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

அதற்காகத்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள். சும்மா கொடுக்கிறேன் என்றபோதும் யாரும் வாங்கவில்லை. செங்கோடன் ஒருவர்தான் இரக்கப்பட்டு வாங்கி வைத்தார். நன்றாக இருந்தால் மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஷெட் இன்னும் திறந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, நனையாம வெச்சிருந்தா இப்படி ஆகாதுங்கண்ணா. குப்பைக்குப் போனாத்தான் மக்கும்."

"மளிகைக் கடையில நனையாம எது அம்மிணி இருக்குது? தயிர் இருக்குது, எண்ணெய் இருக்குது, ஐப்பசி மழை இருக்குது. மக்கற பை வேண்டாம்னு நான் சொல்லலை. மக்காம இருக்கற மக்கற பையாப் பாத்துக் குடு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அங்கே, மக்குமா என்கிறார். இங்கே, மக்கிவிட்டதே என்கிறார். நடுவில் அவள்தான் மக்கிக்கொண்டிருக்கிறாள்.

கூழைக் கிளறினாள். கையோடு ஒரு துண்டு வந்தது. அதில் மட்டும் எழுத்து அழியாமல் இருந்தது. 'நான் மக்கும் பை' என்று அவளே யோசித்து யோசித்து அச்சடித்த வாசகம். பின்பாதி கரைந்துபோயிருந்தது.

'நான் மக்கு.'

சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிய பிறகும் நிற்கவில்லை.

செங்கோடன் பயந்துபோனார். "அட, விடு அம்மிணி. தண்ணி குடிக்கிறியா?"

"அண்ணா, இப்ப சொன்னீங்கல்ல, தானா இப்படி ஆச்சுன்னு? அதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"உம்மேல நானே புகார் எழுதறதா? பொழைக்கற புள்ளைய நான் அப்படிப் பண்ணுவனா?"

"எழுதுங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டே கடையின் முன்பக்கம் கல்லாவுக்குப் போனார்; அவளும் கூடவே போனாள். பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார்.

அவள் வாங்கிப் படித்தாள்.

'பை தானாகவே மக்கிவிட்டது. ஆகையால் எங்கள் கடைக்கு வேண்டாம்.'

முதல் வரியை இன்னொரு தடவை படித்தாள். இரண்டாவது வரியையும்.

அதிகாரிக்குக் கண்ணாலும் காட்ட வேண்டும். குடோனுக்குத் திரும்பிப் போய் ஒரு கை நிறையக் கூழை அள்ளிக்கொண்டு வந்தாள். விரலிடுக்கில் கறுப்பாக ஒழுகி, முழங்கையில் இறங்கி, புடவையில் சொட்டியது.

"அய்யய்யோ, புடவையெல்லாம் பாழாப் போகுதே."

செங்கோடன் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியில் கையை விட்டார். ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் ஒன்றை உருவி, உதறி, வாயைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார். மனசாரத்தான் நீட்டினார்.

"இதுல எல்லாத்தையும் போட்டுக்க அம்மிணி. பேப்பரையும் மடிச்சு வெச்சுக்க. இது ஒண்ணும் ஆகாது."

அவள் அதைத் தொடவில்லை. கூழை ஏந்திய கையோடு வாசலுக்கு வந்தாள்.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது. சாயங்காலத்துக்குள் அந்த ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

காகிதத்தின் மேல் ஒரு துளி விழுந்தது. முத்திரையின் ஓரம் நீலமாகக் கசிந்தது.

அவள் திரும்பி வந்து கவரை வாங்கிக்கொண்டாள்.