நாம் என்றால் நோஸ்

"மறுபடி கோட்டை விட்டுட்டீங்க! 'நீ கழுவிக்கறே'ங்கறதுக்கு நான் 'மெ லாவாஸ்'னு வேணும்னே தப்பாச் சொல்றேன். நீங்க பாட்டுக்கு சரின்னு தலையாட்டறீங்க!"

ஸ்பானிஷ் டீச்சர் கையிலிருந்த பென்சிலைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவன் அசடு வழிந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கும் லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்க்கிறவன். அப்போதெல்லாம் நடுங்காத கால், இந்த மெ, தெ என்றதுமே மேஜைக்கு அடியில் தாளம் போட்டது.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லேன், டீச்சர்."

"நாளைக்கு மெதுவால்லாம் வராதுங்க. டக்குனு வரும், டக்குனு பிடிக்கணும். முதல்லேருந்து கேளுங்க. தட்டைக் கழுவறேன், மூஞ்சியைக் கழுவிக்கறேன். ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல. ரெண்டாவது நமக்கு நாமே செஞ்சுக்கறது."

"அதேதான். நாம நடுவுல ஒரு 'க்க' போடறோம். அவங்க முன்னாடி ஒரு சின்னச் சொல்லைப் போடறாங்க. நான்னா 'மெ', நீன்னா 'தெ', அவர்னா 'செ', நாமன்னா 'நோஸ்'. மெ லாவோ, தெ லாவாஸ், செ லாவா, நோஸ் லவாமோஸ். தலையும் வாலும் பொருந்தணும்."

"நம்மாளுங்க யார் வந்தாலும் ஒரே 'க்க'வை வச்சு ஓட்டிடறாங்க. இவங்க என்னடான்னா ஆளுக்கொரு ஸ்பேர் பார்ட் கேக்கறாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

"விளையாடாதீங்க. நம்ம பிழைப்பே இதுல இருக்கு."

அவனுக்கா தெரியாது? அதை நினைத்து நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி இலக்கணத்துக்கே பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்தவன், இப்போது அடுத்தவர் மொழி இலக்கணத்தில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"வேற யாருமே கிடைக்கலியா? உன்கூட ஸ்பானிஷ் எடுக்கற அந்த இன்னொரு டீச்சர்?"

"விஷயத்தைக் கேட்டதுமே, 'என்னால ஆகாதும்மா'ன்னு ஒரு பெரிய கும்பிடா போட்டுட்டா."

"அவளுக்கே அப்படின்னா, நான் எம்மாத்திரம்?"

"நீங்க ஓடிப் போக மாட்டீங்க. எனக்கு அது போதும். ம், சொல்லுங்க. 'நோஸ் லெவாந்தோ', நாம எழுந்துக்கறோம். சரியா, தப்பா?"

அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "நாமன்னா நோஸ். தலை சரி. ஆனா வால்... தப்பு! லெவந்தாமோஸ்னு வரணும்."

"அப்படிப் போடுங்க!" என்றாள். அடுத்த கேள்விக்கு அவன் தப்பைச் சரியென்றான். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் முழுக்க இதே பாடு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, சோப்பு நுரையோடு 'மெ லாவோ, மெ லாவோ' என்று முனகினான்.

மறுநாள் காலை டாக்ஸியில் போகும்போது டீச்சர் அவனை எதுவும் கேட்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன்தான் அவள் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டான்.

"எனக்கு அந்த நேரத்துல மறந்துடுச்சுன்னா?"

"சந்தேகம் வந்தாலே தப்புன்னு சொல்லிடுங்க. சரியைத் தப்புன்னா பரவாயில்ல, இன்னொரு தரம் கேட்டுக்கலாம். தப்பைச் சரின்னுட்டீங்கன்னா, அப்புறம் யாராலயும் திருத்த முடியாது."

செருப்பையும் போனையும் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. அவள் முகத்தை மட்டுமே பார்க்கும்படி அவனுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டிருந்தார்கள். கண்ணை அங்கே இங்கே அலையவிடக் கூடாது, சரி, தப்பு இரண்டையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது கேட்பவன் அவன், சொல்பவள் அவள்.

"நீ எழுந்துக்கறே?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"தெ லெவாந்தாஸ்."

"சரி. அவர்?"

"செ லெவாந்தா."

"சரி. நாம கழுவிக்கறோம்?"

அவள் அவனையே பார்த்தபடி, கொஞ்சமும் தயங்காமல், வகுப்பில் சொல்வது போல் கணீரென்று சொன்னாள்.

"மெ லவாமோஸ்."

காதுக்குக் குளுமையாக இருந்தது. வால் சரிதான். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவளா தப்பாகச் சொல்வாள்? 'சரி' என்று சொல்ல நாக்கு பாதி எழும்பிவிட்டது. நாமன்னா... நாமன்னா என்ன?

"தப்பு!" என்று கத்தினான். "தப்பு, தப்பு! நோஸ் வரணும்!"

பச்சைத் துணித் திரைக்குப் பின்னால், அவள் தலைமாட்டில் நின்றிருந்த டாக்டர் கையை நிறுத்தினார்.

"நல்லவேளை சொன்னீங்க. இப்ப நான் லேசா கரண்ட் வச்சுத் தொட்டதும் தப்பு வந்துச்சே, அந்த இடத்துலதான் உங்க மனைவியோட ஸ்பானிஷ் இருக்கு, அங்க கத்தி படாம கட்டியை எடுத்துடறேன். மண்டையோட்டை மூடற வரைக்கும் நீங்க கேட்டுக்கிட்டே இருங்க."