ரெண்டு போத்தல் பால்

“றம்லா, உங்களுக்கு வெக்கமில்லையே? காலமையில ரெண்டு போத்தல் பசும்பால் வாங்குறீங்களாம்!”

விறாந்தையில் இருந்த பத்துப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை, எடை பார்க்கும் நாள்.

“ஓம் மிஸ். முந்தி ஒண்டு வாங்கினன். இப்ப ரெண்டு,” என்றாள் றம்லா, கொஞ்சமும் கூசாமல்.

கிறிஸ்டின் மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென்சன் எடுத்த கையோடு, மெலிய ஆசைப்பட்ட அயல் பெண்களையெல்லாம் கூட்டிக் குழு அமைத்தவள் அவள். குழுவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. மாட்டுப்பால் தொடக் கூடாது, சோயாப்பால் மட்டும்தான். தன் வீட்டுக் குசினியிலும் பசும்பாலை அறவே நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு றம்லாவோ, வேலியடியில் நின்று பகிரங்கமாகவே பால்காரனை மறிக்கிறாள்!

“சோயாப்பாலுக்கு வேற சாட்சி வேணுமே? என்ர அப்பாவைப் பாருங்கோ. காய்ச்சலுக்குப் பிறகு எலும்பும் தோலுமாக் கிடந்த மனுசன். இன்னும் இறங்கினா வார்டில மறிப்பம் எண்டு கிளினிக்கில சொன்னவை. இப்ப ரெண்டு கிலோ ஏறியிருக்கிறார்! மொத்தமானவை மெலிவினம், மெலிஞ்சவை தேறுவினம். அதுதான் சோயா!”

சுவரில் தொங்கிய எடை அட்டவணையின் அடியில், ‘சூசைப்பிள்ளை’ என்று அப்பாவின் பெயரையும் பெருமையோடு எழுதி வைத்திருந்தாள்.

“சரி, ஏறுங்கோ தராசில.”

றம்லா ஏறினாள். போன மாதத்தைவிட ஐந்து கிலோ குறைவு!

கிறிஸ்டின் தராசைத் தட்டிப் பார்த்தாள். தானும் ஏறிப் பார்த்தாள். அவளுக்கு இறங்கியிருந்தது அரைக் கிலோ.

“அப்ப நாங்களும் பால்தேத்தண்ணி குடிக்கலாமோ மிஸ்?” என்று குழுவில் ஒருத்தியான டிலக்ஷி வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

இனியும் விட்டால் குழுவே கலைந்துவிடும்.

“றம்லா, பாலை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி உங்கட பேரை வெட்டுவன்.”

“நிப்பாட்ட ஏலாது மிஸ். வெட்டுறதெண்டா வெட்டுங்க.” செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டாள்.

திங்கட்கிழமை காலை. அப்பாவை வழக்கம்போலப் பூசைக்கு ஓட்டோவில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றாள் கிறிஸ்டின். றம்லா ஒரு பிளாஸ்க்கோடு வெளியே வந்தாள். இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் என்று கிறிஸ்டின் பின்னாலேயே போனாள்.

றம்லா ஓட்டோவை மறிக்கவில்லை. பஸ்ஸுக்கும் நிற்கவில்லை. சந்தையைக் கடந்து, பஸ் நிலையத்தைக் கடந்து, கடற்கரை வீதியால் முக்கால் மணித்தியாலம் விறுவிறுவென்று நடந்தாள். கிறிஸ்டினுக்கு நாக்குத் தள்ளியது. முன்னால் போனவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

மாதா கோயில் மதிலோரம் உட்கார ஒரு மர வாங்கு. முதுகு காட்டி இருந்த யாருக்கோ றம்லா பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள்.

“பிடிபட்டீங்கள் றம்லா!”

வாங்கில் இருந்தவர் திரும்பினார். மீசையில் பாலாடை.

“அப்பா! நீங்களா?”

றம்லா பிளாஸ்க்கை மறைக்கவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.

“ஓம் மிஸ், பசும்பால்தான். சீனியும் போட்டிரிக்கன். சோயாப்பால் வயித்தப் பிரட்டுதெண்டு ஐயா அத கிணத்தடி வாழைக்கு ஊத்தினத வேலிக்குள்ளால கண்டன். குடிச்சிட்டன் எண்டு உங்களுக்குச் சொல்றதையும் கேட்டன். வீட்ட கொண்டு வந்தா நீங்க விடமாட்டீங்க. அதான் தினமும் இங்க நடந்து வாறன்.”

கிணற்றடி வாழை இந்த மாதம் அப்படிச் செழித்து நின்றது ஏன் என்று கிறிஸ்டினுக்கு அப்போதுதான் விளங்கியது.

சூசைப்பிள்ளை அவசரப்படவே இல்லை. கடைசி மிடறையும் ஆறுதலாகக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“றம்லாவின்ர பேரை வெட்டுறதெண்டா, பிள்ளை, அடியில இருக்கிற என்ர பேரையும் சேர்த்து வெட்டு!”