ஆயிரம் மணி நேரம்

திரையில் மின்னழுத்தக் கோடு இறங்கவில்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மணி, நாற்பது நிமிடம்.

“இன்னும் இருபது நிமிஷம் கோபால்,” என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

அடையாற்றின் அந்த ஆய்வகத்தில், எண்ணூறு டிகிரி உலைக்குள் இருந்தது அவன் மனைவி மதுவந்தி செய்த மின்கலம். ஹைட்ரஜன் கொடுத்தால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் நீராவியைப் பிரித்து ஹைட்ரஜன் தரும். இந்த வகைக் கலங்களில் மின்முனை சீக்கிரம் கெட்டுவிடும். அதன் துளைகளுக்குள் நானோ வினையூக்கியைச் சொட்டுச் சொட்டாக இறக்கிச் சுட்டிருந்தாள் அவள்.

ஆயிரம் மணி நேரம் தாங்கினால் அவள் கட்டுரையை ஏற்பதாக ஆய்விதழ் சொல்லியிருந்தது. கெடு இன்று மாலை. கலத்தை ஓடவிட்ட பதினாறாம் நாள், மூளைக்காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடித்து வந்தவன், அன்றிலிருந்து இந்தத் திரையை விட்டு நகரவில்லை.

“போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா சார். உலைல வேவுறது செல்லா, நீயான்னே தெர்ல,” என்றான் கோபால். ஆய்வக டெக்னீஷியன், நொச்சிக்குப்பத்துக்காரன்.

“ஹைட்ரஜன் சிலிண்டர் தீரப்போறது. முதல்ல அதை மாத்து.”

கோபால் ஸ்பானரை எடுத்தான். வாயு முழுதாக இரண்டு நிமிடம் நின்று, மறுபடி வந்தது. கோடு இம்மியும் அசையவில்லை.

“பாத்தியா? கேஸ் நின்னாக்கூட அசரல. மதுன்னா மதுதான்!” இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான்.

கோபால் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

ஆயிரம்.

ஸ்ரீகிருஷ்ணா கட்டுரையைத் திறந்தான். முதல் பெயராக இருந்த அவள் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

“முழு ரீடிங் ஃபைலையும் குடு. சேர்த்து அனுப்பிடறேன்.”

கோபால் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“இன்னாத்த சார் அனுப்புவ? நீ காரியத்துல இருக்கசொல்லவே செல்லு வெடிப்பு வுட்டுப் போச்சு. நீ வந்து நின்ன நெலமைல எப்டி சொல்றது? பழைய ஃபைல ஸ்க்ரீன்ல ஓட்டிவுட்டுட்டேன்.”

“அப்போ... பதிமூணு நாளா நான் பாத்துண்டிருந்தது?”

“மேடம் உசுரோட இருந்தப்ப எடுத்த ரீடிங் சார்.”